நான் கொடுத்தனுப்பிய லென்ஸ்

தண்ணீருக்குள் இறக்கும் கேமராவுக்கு எந்த லென்ஸ் போட வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசுவேன். டீ ஆறிப்போகும், கேட்டவர் கொட்டாவி விடுவார், நான் விடமாட்டேன். அவ்வளவு நன்றாகத் தெரிந்த விஷயத்தில்தான் ஒரு மனிதனைக் கவிழ்த்தேன். தெரியாமல் செய்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

சிதம்பரத்தில் கல்யாண வீடியோ எடுப்பது என் பிழைப்பு. சொந்த ஊர் புவனகிரிப் பக்கம். அப்பா நெல்லும் உளுந்தும் போட்டவர். எனக்கு நீச்சல் தெரியாது. வெள்ளாற்றில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் கரையேறிவிடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவனைத் தண்ணீருக்குள் இழுத்துவிட்டது கல்யாணத்துக்கு முந்தைய ஜோடிப் படங்கள். மலை, தேயிலைத் தோட்டம், ரயில் பாலம் எல்லாம் அலுத்துப்போய், திடீரென்று எல்லாருக்கும் தண்ணீருக்கடியில் படம் வேண்டும் என்றாகிவிட்டது. பெண்ணைப் பட்டுப் புடவையோடு நீச்சல் குளத்தில் இறக்கி, முந்தானை விரிகிறதை எடுக்க வேண்டும். பெண்ணுக்கு மூக்கில் தண்ணீர் ஏறும். மாப்பிள்ளை கண்ணைத் திறக்க மாட்டார். இந்தக் கூத்துக்கென்று ஒரு கேமராப் பெட்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன்.

பெட்டி என்றால் கேமராவை உள்ளே வைத்துப் பூட்டுகிற அலுமினியக் கூடு. முன்பக்கம் லென்ஸ் எட்டிப் பார்க்க ஒரு கண்ணாடி இருக்கும். அந்தக் கண்ணாடியைக் கழற்றி மாற்றலாம். என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்று தட்டையானது, இன்னொன்று கவிழ்த்த கிண்ணம் மாதிரிக் குவிந்தது. தட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒடுங்கிய பார்வையுள்ள ஐம்பது எம்எம் லென்ஸ் போடுவேன், குவிந்ததற்குப் பின்னால், கிட்ட நின்றாலும் முழுக் காட்சியையும் வாங்குகிற அகல லென்ஸ். தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்துக்கு கிரீஸ் தடவிப் பெட்டியை ஒருமுறை மூடிவிட்டால் மூடியதுதான். கீழே போன பிறகு அடடா, அதைப் போட்டிருக்கலாமே என்று சொல்லிப் பயனில்லை. எல்லாவற்றையும் மேலேயே, ஈரமில்லாத கையோடு முடிவு செய்துவிட வேண்டும்.

நீச்சல் குளத்தில் ஐம்பது எம்எம் போட்டால் அப்படி வரும். முகம் மட்டும் துல்லியமாக, பின்னால் எல்லாம் நீலமாகக் கரைந்து, பெண்ணின் அம்மாவே பார்த்துவிட்டு இது நம்ம பொண்ணா என்று கேட்பார்கள். ஆனால் கடல் குளமில்லை, அதிலும் கடலூர்க் கடல். ஆறுகள் கொண்டுவந்து கொட்டுகிற வண்டல் எப்போதும் கலங்கி நிற்கும். நல்ல நாளிலேயே தண்ணீருக்குள் கை நீட்டினால் விரல் தெரியும், அதற்கு அப்பால் பச்சை. அங்கே தள்ளி நின்று எடுக்கிற லென்ஸுக்கு வேலையே இல்லை. பொருளுக்கும் கேமராவுக்கும் நடுவில் இருக்கிற தண்ணீரைக் குறைக்க வேண்டும். அதாவது கிட்டப் போக வேண்டும், கிட்டப் போயும் முழுசாகத் தெரிய வேண்டும். அதற்கு அகல லென்ஸ்தான், வேறு வழி கிடையாது. தட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் ஐம்பது எம்எம்மைப் போட்டால் தண்ணீர் தன் பங்குக்கு அதன் பார்வையை இன்னும் குறுக்கிவிடும். ஒரு ஆளை முழுதாக எடுக்க ஒரு அறை தூரம் தள்ளிப் போக வேண்டியிருக்கும். இதெல்லாம் எனக்குப் பாடம். ஸ்டுடியோவுக்கு வருகிறவர்களிடமெல்லாம் படம் வரைந்து காட்டுவேன்.

அப்படிக் காட்டியவர்களில் ஒருவன் என் மச்சான். உறவில் மச்சான் இல்லை. சிதம்பரத்தில் பாலிடெக்னிக் படித்தபோது ஒரே பெஞ்சு. அவன் கடலூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரன், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் படகில் ஏறிவிட்டான். நான் படித்து முடித்தும் அந்தப் படிப்பைத் தொடவில்லை, ஆகையால் இரண்டு பேரும் சமம்தான். நான் ஸ்டுடியோ போட்ட முதல் வருஷம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அவன்தான் தன் ஊரில் ஒவ்வொரு வீடாகச் சொல்லி எனக்கு வேலை பிடித்துக் கொடுத்தான். இன்றைக்கும் என் கல்யாண ஆர்டரில் பாதி அந்த ஊரும் அதன் பக்கத்து ஊர்களும்தான். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் செய்ததற்கு இதுதான் காரணம்.

போன தை மாதம் அவன் ஸ்டுடியோவுக்கு வந்தான். முகம் சரியில்லை. என்னடா என்றால் டீ சொல்லு என்றான், டீ வந்தால் குடிக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான். அவன் ஊரில் ஒரு மாமாவின் வலை கடலில் பாதியாகிவிட்டது. விடிகாலையில் இவன் வலையும் அவர் வலையும் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டனவாம். இவன் தன் வலையை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அவர் வந்து இழுத்தபோது பாதிதான் வந்தது. இவன்தான் கத்தி போட்டு அறுத்தான் என்று அவர் பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார்.

அந்தக் கரையில் அடுத்தவன் வலையில் கத்தி வைப்பதைப் போலக் கேவலம் வேறு இல்லை. திருட்டைக்கூட மன்னித்துவிடுவார்கள். வலை கடலில் தொலைந்து கிடந்தாலும் உடையவன் சொல்லாமல் கத்தி படக்கூடாது. ஊர்த் தலைவரை அவர்கள் நாட்டார் என்பார்கள். அந்த நாட்டார், விஷயம் முடிகிற வரைக்கும் இவனுக்கு ஊர்க்கட்டு போட்டுவிட்டார். யாரும் இவனோடு படகில் வரக்கூடாது, இவன் வீட்டு விசேஷத்துக்குப் போகக்கூடாது. இவன் மகள் அப்போதுதான் வயதுக்கு வந்திருந்தாள். மாசியில் மஞ்சள் நீராட்டு வைத்துப் பத்திரிகையும் அடித்தாயிற்று. ஊர்க்கட்டு நீங்காவிட்டால் அந்தப் பந்தலில் புருஷன் பெண்டாட்டி, மகள் மூன்று பேரும்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவன் சொன்ன கதை வேறு. அந்த இடத்தில் மீன் தங்குவதற்காக அரசாங்கம் எப்போதோ இறக்கிய காங்கிரீட் கூண்டுகள் கிடக்கின்றன. மாமாவின் வலை அதில் சிக்கிக் கிழிந்திருக்கிறது, மீதிப் பாதி இன்னும் அந்தக் கூண்டைச் சுற்றிக் கிடக்கிறது. இவன் முங்கித் தன் கையால் தடவிப் பார்த்துவிட்டே வந்திருக்கிறான். அறுத்திருந்தால் வலை நீரோட்டத்தில் போயிருக்கும், கூண்டில் சிக்கி நார் நாராகக் கிழிந்து நிற்காது. ஆனால் அதை யாருக்குக் காட்டுவது? ஒரு துண்டை வெட்டி எடுத்துவந்தால் அதுவே குற்றம். அவ்வளவு ஆழம் முங்கத் தெரிந்தவர்கள் ஊரில் இவனோடு சேர்த்து இரண்டே பேர். இன்னொருவர் அந்த மாமாவின் சொந்தத் தம்பி.

"கண்ணால பாத்தத வாயால சொன்னா எவனும் நம்ப மாட்டேங்கறான் மச்சான். உன் பொட்டிய எடுத்துக்கினு வா. நான் கீழ போயி எடுத்தாரேன்," என்றான்.

நான் துள்ளிக் குதித்துச் சம்மதித்தேன். உண்மையில் சந்தோஷமாகவே இருந்தது. பட்டுப் புடவையை எடுத்துக்கொண்டிருந்த பெட்டிக்கு முதல்முறையாக ஒரு உருப்படியான வேலை. மொட்டை மாடியில் நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, பெட்டிக்குள் டிஷ்யூ பேப்பர் வைத்து முக்கிப் பார்த்தேன். பேப்பர் நனையவில்லை. அகல லென்ஸ்தான் என்று அவனிடம் போனிலேயே சொல்லி, ஏன் என்பதையும் விளக்கினேன். அவன் ம், ம் என்று கேட்டுக்கொண்டான். அவனுக்கு லென்ஸா முக்கியம்?

அந்த அகல லென்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது புதுசு. வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை, தவணை ஓடிக்கொண்டிருந்தது. மண்டபத்தில் கூட்டத்தை முழுசாக எடுக்க, மணமேடையைச் சுற்றிச் சுற்றி வர, அது இல்லாமல் என்னால் ஒரு கல்யாணமும் எடுக்க முடியாது. அடுத்த முகூர்த்தம் இரண்டே நாளில். ஐம்பது எம்எம் பழசு. மூன்று முறை கீழே விழுந்து, ஒருமுறை சாம்பாரில் நனைந்து, போனால் போகட்டும் என்று வைத்திருந்த லென்ஸ்.

குறித்த நாளில் விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். இரண்டு லென்ஸும் இரண்டு கண்ணாடியும் பையில். ஊர்க்கட்டு இருந்ததால் அவனோடு வர ஆளில்லை, பக்கத்து ஊர் நண்பன் ஒருவன் படகோட்ட வந்திருந்தான். படகு கரையை விட்டுக் கிளம்பி அலையைத் தாண்டும்போது ஒரு தூக்கு தூக்கிப் போட்டது பாருங்கள், என் குடலே வாய்க்கு வந்துவிட்டது. பெட்டியை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டேன். டிரம்மில் நனையாத பேப்பர் இங்கே நனையாது என்று என்ன நிச்சயம்? ரப்பர் வளையத்தில் ஒரு மணல் போதும், ஒரே ஒரு மணல். கடல் தண்ணீர் பட்டால் லென்ஸ் அவ்வளவுதான், பழுது பார்க்கக்கூட முடியாது. இரண்டு நாளில் முகூர்த்தம். என் தலைக்குள் இது மட்டும் ஓடியது, அவன் மகளின் பந்தல் ஓடவே இல்லை.

இடம் வந்து நங்கூரம் போட்டார்கள். ஆதாரத்துக்கு ஆகட்டும் என்று ஜிபிஎஸ் திரையில் இருந்த எண்களையும் கேமராவில் எடுத்துக்கொண்டேன். அப்புறம் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, துண்டால் மறைத்துக்கொண்டு, தட்டைக் கண்ணாடியை மாட்டினேன். ஐம்பது எம்எம்மைப் போட்டுப் பெட்டியைப் பூட்டினேன். அகல லென்ஸ் பாலித்தீன் கவரில் சுற்றிப் பையிலேயே இருந்தது.

அவன் பெட்டியை வாங்கி முன்பக்கத்தைப் பார்த்தான். ஸ்டுடியோவில் நான் வரைந்து காட்டிய படம் ஞாபகம் வந்ததோ என்னவோ.

"இதுல தெரியுமா மச்சான்?"

"அதெல்லாம் தெரியும், நீ போ," என்றேன்.

அந்த 'நீ போ'வை நான் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. வேலைக்காரனை அதட்டுகிற மாதிரி.

அவன் மூச்சை இழுத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்து இறங்கினான். ஆழம் ஆறு பாகம் இருக்கும். ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். மேலே வரும்போது கண் சிவந்து, காதைத் தட்டிக்கொண்டே சிரித்தான். கெடச்சுடுச்சு மச்சான், நல்லாக் காட்டியிருக்கேன் என்றான். பெட்டியின் பின்பக்கத் திரையில் போட்டுப் பார்த்தேன். பச்சை. பச்சைக்குள் கொஞ்சம் கறுப்பான பச்சை. லென்ஸ் ஃபோகஸ் பிடிக்க முடியாமல் முன்னும் பின்னும் தவித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி நின்று எடு என்றேன், எடுத்தான், இன்னும் பச்சை. கிட்டப் போய் எடு என்றேன். கிட்டப் போனதில் ஒரு காங்கிரீட் மூலை கை அகலத்துக்கு வந்தது, அவ்வளவுதான். நான்கு முறை அனுப்பினேன். நான்காவது முறை மேலே வந்தபோது அவன் மூக்கிலிருந்து கொஞ்சம் ரத்தம் வந்தது. அதைத் துடைத்துக்கொண்டு போதுமா என்றான்.

அப்போதாவது பெட்டியைத் திறந்து லென்ஸை மாற்றியிருக்கலாம். தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை என்பது நான்கு முறையில் தெரிந்துபோயிற்று. மாற்றினால் முதலிலேயே ஏன் மாற்றவில்லை என்ற கேள்வி வரும். அதனால் போதும்டா, கம்ப்யூட்டரில் போட்டுக் கலர் திருத்தினால் பளிச்சென்று வரும் என்றேன். பச்சையைத் திருத்தினால் வேறு பச்சைதான் வரும் என்று எனக்குத் தெரியாதா?

சிதம்பரம் வந்து, சும்மா சொல்லக்கூடாது, என் சாமர்த்தியம் முழுவதையும் காட்டினேன். பச்சையைக் குறைத்தேன், சிவப்பை ஏற்றினேன். கடைசியில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு நிழல் அசைந்தது. வலை என்று சொன்னால் வலை, பாசி என்று சொன்னால் பாசி. அதை அவன் ஊருக்கு எடுத்துப் போனேன்.

அம்மன் கோயில் எதிரே பந்தலில் பஞ்சாயத்து கூடியிருந்தது. பெண்கள் ஒரு ஓரமாக நின்றார்கள், அவன் மனைவியும் மகளும் அதில். நான் லேப்டாப்பை வைத்து ஓட்டிக் காட்டினேன். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். யாரோ பின்னாலிருந்து, என்னடா இது மாட்டுக் கொட்டாயில் புகை போட்ட மாதிரி இருக்குது என்றான், கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்து. என் வேலையைப் பார்த்து. அங்கே நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டுக் கல்யாணத்தை நான் எடுத்திருக்கிறேன், மிச்சக் கால்வாசி இனிமேல் வர வேண்டியவர்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

நாட்டார் பெரிய மனுஷர், நிதானமானவர். கையைக் காட்டிக் கூட்டத்தை அடக்கிவிட்டு என்னிடம் கேட்டார்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. அங்க வல இருந்து உன் கேமராவுக்குத் தெரியாமப் போச்சா? இல்ல, வலயே இல்லியா?"

நியாயமான கேள்வி. அதைவிட நியாயமாக யாராலும் கேட்க முடியாது. தப்பான லென்ஸைக் கொடுத்துவிட்டேன் ஐயா, தண்ணீர் கலங்கல், இந்தப் படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று ஒரு வரி போதும். இன்னொரு நாள் அவகாசம் கொடுத்திருப்பார். என் மச்சான் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பயமே இல்லாமல் பார்த்தான். நான் சொல்லிவிடுவேன் என்று அவ்வளவு நம்பிக்கை.

"கேமரா சரியாத்தாங்க இருந்துச்சு," என்றேன். "இருந்திருந்தா படத்துல வுழுந்திருக்கும்."

சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடினேன். அவன் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தன் மகள் நின்ற பக்கம் பார்த்தான். நாட்டார் அவனிடம், ஒத்துக்கொண்டு அம்மன் முன்னால் சொல்லிவிட்டு அந்த மாமா காலில் விழுந்தால் இன்றைக்கே கட்டு நீங்கும், இல்லையென்றால் இழுத்துக்கொண்டே போகும், உன் வீட்டு விசேஷம் உன் பாடு என்றார். அவன் சட்டையைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கோயில் வாசலுக்குப் போனான். நான்தான் அறுத்தேன் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். மாமா காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அவன் மகள் முகத்தை அம்மாவின் முதுகில் புதைத்துக்கொண்டாள். நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். ஆமாம், ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல்.

மஞ்சள் நீராட்டு நன்றாகவே நடந்தது. ஊரே வந்தது. நானும் போனேன், போகாமல் எப்படி? வீடியோ நான்தானே. தாய்மாமன் சீர் வரிசை வீதியை அடைத்துக்கொண்டு வந்ததை அகல லென்ஸில் எடுத்தேன். அவன் வாசலில் நின்று எல்லாரையும் வாங்க வாங்க என்று கும்பிட்டுக்கொண்டிருந்தான். அந்த மாமாவும் வந்து மொய் எழுதினார். மச்சான் என்னிடம் இலை போட்டாச்சு, சாப்பிட்டுப் போ என்றான். அதற்கு மேல் பேசவில்லை. நான் மானங்கெட்டவன் மாதிரி உட்கார்ந்து இரண்டு முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு அவன் ஊரைக் காலி செய்துகொண்டு கடலூர் டவுன் பக்கம் செம்மண்டலத்தில் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். பிள்ளை படிப்புக்காக என்று சொன்னானாம். கடலுக்கு மட்டும் அங்கிருந்து வண்டியில் போய் வந்தான். ஊர் மன்னித்துவிட்டது, அவனுக்கு அங்கே தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், நன்றாகத் தூங்கினேன். ஆனால் பகலில், எடிட் செய்கிற கம்ப்யூட்டரில் அந்தப் பச்சைப் படம் இருந்த போல்டரைப் பார்க்காமல் வேகமாகத் தாண்டிப் போவேன்.

சித்திரையில் கடல் கொஞ்சம் தெளிந்தபோது நான் மறுபடி போனேன். ஏன் போனேன் என்பதைத்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உண்மையைக் கண்டுபிடித்து அவனைக் காப்பாற்ற இல்லை. வலை அங்கே இருக்கக்கூடாது என்று போனேன். அவன் உண்மையிலேயே அறுத்திருந்தால் நான் சொன்னது பொய்யாகாது, இல்லையா? அந்த நிம்மதிக்காகப் போனேன். வேறு ஊரில் ஒரு படகைப் பேசி, மீன் படம் எடுக்க வேண்டும் என்று சொல்லி, முங்கத் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டேன். ஜிபிஎஸ் எண்கள்தான் என்னிடம் இருந்தனவே. இந்தத் தடவை குவிந்த கண்ணாடியை மாட்டி, அகல லென்ஸைப் போட்டு, கை நீட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு கூண்டைச் சுற்றி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அவர் கீழே இருந்த நேரம் முழுவதும் தில்லைக் காளியை வேண்டிக்கொண்டேன், வலை இருக்கக்கூடாது தாயே என்று.

ஒரே முறைதான் இறங்கினார். திரையில் போட்டேன். கூண்டு முழுசாக இருந்தது, நான்கு மூலையும் தெரிந்தன. அதைச் சுற்றி வலை, வண்டல் படிந்து பழுப்பாக, ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் சுருண்டு இழுபட்டுக் கிடந்தது. கிழிந்த ஓரம் அப்படியே தெரிந்தது, பிசிறு பிசிறாக. கத்தி பட்ட ஓரம் அப்படி இருக்காது என்பது எனக்கே தெரியும். மிதவைகளில் மாமா வீட்டு அடையாளமாகச் வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தது. அதுவும் தெரிந்தது. வலைக்குள் சின்னச் சின்ன மீன்கள் கூட்டமாகப் போய்ப் போய்த் திரும்பின. படகில் இருந்தவர், நல்லா வுழுந்திருக்குது சார் என்றார்.

கரைக்கு வந்ததும் அதே துணியோடு நேராக செம்மண்டலம் போனேன். அவன் வீட்டில் இருந்தான், வலை ஊசியை வைத்துக்கொண்டு ஏதோ பின்னிக்கொண்டிருந்தான். மனைவி தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் கேமராவைத் திறந்து அவன் முன்னால் பிடித்தேன். அவன் முழுசாகப் பார்த்தான். கிழிந்த ஓரம் வந்தபோது விரலால் திரையைத் தொட்டான். திரும்பவும் போடச் சொன்னான், போட்டேன். அப்புறம் கேமராவின் முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"இந்த லென்ஸு அன்னைக்கி எங்க இருந்துச்சு?"

புதிதாக வாங்கினேன் என்று சொல்லலாமா என்று ஒரு விநாடி யோசித்தேன். ஆமாம், அப்போதும் யோசித்தேன்.

"பையில," என்றேன்.

"எந்தப் பையில?"

"படகுலதான். உன் காலுக்குப் பக்கத்துல இருந்த பையில."

அவன் தலையை ஆட்டினான். திட்டுவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நானாகவே பேச ஆரம்பித்தேன். நாளைக்கே ஊருக்கு வருகிறேன், நாட்டார் முன்னால் இதைப் போட்டுக் காட்டுகிறேன், நான் சொன்னது பொய் என்று நானே சொல்கிறேன், என் பிழைப்பு போனால் போகட்டும் என்று கடகடவென்று கொட்டினேன். சொல்லச் சொல்ல எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்துகொண்டிருந்தது.

"வாய மூடு," என்றான். சத்தமில்லாமல்தான் சொன்னான். "நான் அறுத்தேன்னு அம்மன் முன்னாடி என் வாயால சொல்லிட்டேன். இப்ப நீ போயி அறுக்கலன்னு காட்டினா, தெய்வத்துக்கிட்ட பொய் சொன்னவன் யாரு? நானா, நீயா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. அந்த ஊரில் வலையை அறுத்தவன் காலில் விழுந்தால் தீர்ந்தது. அம்மன் முன்னால் பொய் சொன்னவனுக்குத் தீர்வே கிடையாது. அவன் பொய் சொன்னான்தான். மகளுக்காகச் சொன்னான், வேறு வழியில்லாமல் ஆக்கியவன் நான். இனிமேல் அவன் வாழ்நாள் முழுக்க அறுத்தவனாகவே இருக்க வேண்டும். அதுதான் அவனுக்கு இருப்பதில் நல்ல வழி.

"அழிச்சிடு. இங்கயே, என் கண்ணு முன்னாடி," என்றான்.

அழித்தேன். உறுதியா என்று கேமரா கேட்டது, ஆமாம் என்று அழுத்தினேன். அவன் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி வலை ஊசியைக் கையில் எடுத்தான். பஸ்ஸுக்கு நேரமாகுது, கிளம்பு என்றான்.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. படகில் வரும்போதே அந்தப் படத்தைப் பையில் வைத்திருந்த லேப்டாப்புக்கு மாற்றியிருந்தேன். தொழில் பழக்கம், எடுத்ததும் ஒரு காப்பி போட்டுவிடுவேன். வாசல்படி இறங்கும்போது ஞாபகம் வந்தது. திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். சிதம்பரம் போனதும் அழித்துவிட்டால் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அழிக்கவில்லை. அவன் மேல் உள்ள பாசத்தால் வைத்திருக்கிறேன் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதெல்லாம் இல்லை. நான் எடுத்ததிலேயே நன்றாக வந்த படம் அது.

போன மாதம் ஒரு ஜோடி ஸ்டுடியோவுக்கு வந்தது. நீச்சல் குளம் வேண்டாம், நிஜக் கடலில் வேண்டும், உங்களால் முடியுமா என்று கேட்டார்கள். மாப்பிள்ளை சந்தேகப் பேர்வழி, கடலில் எடுத்தது ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டார். கை தானாகப் போய் அந்த வலைப் படம் இருந்த போல்டரைத் திறந்தது. பத்து விநாடிதான் ஓட்டினேன், மீன்கள் வலைக்குள் போய்த் திரும்புகிற இடம். அந்தப் பெண் அழகாக இருக்கிறது என்றாள். மாப்பிள்ளை திரைக்குக் கிட்டக் குனிந்து, கடலூர்க் கடலிலா இவ்வளவு தெளிவாக வந்தது, எந்த லென்ஸ் போட்டீர்கள் என்று கேட்டார்.

சொன்னேன். ஏன் அதைத்தான் போட வேண்டும் என்று படம் வரைந்தும் காட்டினேன்.